மேட்டூர் நீர்மட்டம்

அடைமழைக்குப் பதினோராம் நாள்.
பேராவூரணித் தோப்பில் பாளை வெடித்தும்
பூ நனைந்து ஊறிக் கிடக்கிறது.
பெட்டிக் கால்களுக்கடியில்
எறும்புக் கிண்ணம் வழிந்தோடுகிறது.
ஏழாம் பெட்டியில் காதை வைத்தேன்:
உலை அடங்குகிற மாதிரி ஒரு சத்தம்.
அவ்வளவுதான் மிச்சம்.

ரேஷன் சர்க்கரையைப் பாகாக்கிக்
கொட்டாங்கச்சியில் ஊற்றினேன்,
மூழ்கிவிடாதிருக்க வைக்கோல் துண்டு மிதக்க.
காப்பிக்குச் சர்க்கரை எங்கே என்றார் அவர்.
பெட்டியைக் காட்டினேன்.

குடித்தன. போதவில்லை.
தனியே இது மார்கழிப் பனி தாண்டாது,
மூன்றாம் பெட்டியோடு சேர்த்தாக வேண்டும்.
ஒரு வீட்டில் இரண்டு ராணி ஆகாது;
கிழடை நசுக்கிவிடு என்றது பயிற்சித் தாள்.
கட்டைவிரலைச் சேலையில்
இரண்டு முறை துடைத்தேன்.

நிஜாமுதீன் டீக்கடையில் வாங்கிய
நேற்றைய பேப்பரை நடுவில் விரித்தேன்.
கீழே மூன்று, மேலே ஏழு,
இடையில் மேட்டூர் நீர்மட்டம்,
பாதிக் கல்யாண விளம்பரம்.
கடித்துக் கடித்து
வாசம் ஒன்றாகும்வரை திறக்கக் கூடாது.

நான்காம் நாள் வாசற்பலகையில்
பொடிப்பொடியாய்த் தள்ளியிருந்தது காகிதம்.
ஓர் எழுத்தும் தேறவில்லை.
சத்தம் மட்டும் கொஞ்சம் தடித்திருக்கிறது.

எள் பூக்க இன்னும் நூறு நாள்.
டப்பாவில் சர்க்கரை
மூன்று கிலோ.