ஏழாவது ஸ்லைடில் நாற்பத்தேழு நிமிடம்

திரையில் ஒரு சிவப்புப் புள்ளி.
பயிலுநர் எண் 3318,
ஏழாவது ஸ்லைடில் நாற்பத்தேழு நிமிடம்.
"ஈடுபாடு இல்லை" என்கிறது மென்பொருள்,
பக்கத்தில் கொட்டாவி விடும் முகம் ஒன்றையும் ஒட்டி.

நான் ட்வைலா ஹாஸ்டெட்லர்.
இந்தியானாவில், ஃபோர்ட் வேய்னில்,
பாடம் வடிவமைக்கிறேன்.
"அப்படியென்றால் டீச்சரா?" என்பார்கள்.
இல்லை என்று விளக்குவதற்குள்
லிஃப்ட் வந்துவிடும்.

ஃபோர்க்லிஃப்ட் பாதுகாப்புக்கு இருபத்திரண்டு ஸ்லைடு.
ஒவ்வொன்றிலும் வலது கீழ்மூலையில்
"அடுத்து" என்றொரு பொத்தான்.
நான் வைத்ததுதான்.

எங்கள் கட்டடத்தின் கீழறையில்
எனக்கு முன்னால் இருந்தவர்கள் போட்டுவிட்டுப் போனவை
துருவோடு கிடக்கின்றன.
உலகப்போர்க் காலத்துப் படச்சுருள்:
ரிவெட் அடிப்பது எப்படி, பதினோரு நிமிடம்.
ஆள் வேண்டும், சீக்கிரம் வேண்டும் என்றது போர்.
அந்த அவசரத்துக்குப் பிறந்த பிள்ளை எங்கள் தொழில்;
இன்னும் மூச்சிரைக்கிறது.

அதனருகே ஒரு மரப்பெட்டி.
கேள்வி ஒரு ஜன்னலில், விடை ஒரு ஜன்னலில்.
சரியென்றால் தாள் நகரும்,
தவறென்றால் நகராது.
திட்டாது, தலையைத் தடவாது.
ஒருநாள் நெம்பிப் பார்த்தேன்.
தண்ணீர் எப்போது கொதிக்கும் என்று கேட்டது,
அறுபது வருடமாக யாரும் கேட்காதது போல.

விமானத்தைச் சொல்ல மறந்தேன்.
அறுபதுகளில் இந்தச் சோளக்காடுகளுக்கு மேலே
எட்டுப் போட்டு எட்டுப் போட்டுச் சுற்றியது,
ஆறு மாநிலத்து வகுப்பறைகளுக்கு
வானத்திலிருந்து பாடம் ஒளிபரப்பிக்கொண்டு.
மழைக்குக்கூடப் பள்ளிக்கூடம் ஒதுங்காதவன் என்பார்களே,
வானிலை கெட்டால் இங்கே
பள்ளிக்கூடமே ஒதுங்கியிருக்கும்.

பிறகு குறுந்தகடு வந்தது, இணையம் வந்தது,
பேட்ஜ் வந்தது, புள்ளிப்பட்டியல் வந்தது.
போன மாதம் செயற்கை நுண்ணறிவும் வந்தது:
ஒரு வரி கொடுத்தால் ஒரு பாடம்.
நான் ஆறு வாரம் செய்வதை
காபி ஆறுவதற்குள் முடிக்கிறது.
மேலாளர் கார்வினுக்கு ஏக சந்தோஷம்.
"ஏழாவதை மூன்று நிமிடத் துண்டுகளாக நறுக்கு,
இப்போது அதுதான் டிரெண்ட்."
3318-க்கு நினைவூட்டல் அனுப்பட்டுமா என்று
இயந்திரமும் பணிவாகக் கேட்டது.

வேண்டாம் என்று அழுத்திவிட்டு
காரை எடுத்தேன்.

கிடங்கின் ஓய்வறை.
ஒரு கணினி, நான்கு நாற்காலி.
ஒடெலின் காசேயுஸ், ஹெய்ட்டிக்காரர்,
ஆங்கிலத்தில் படித்து கிரியோலில் சொல்கிறார்.
மற்ற மூவருக்கும் கடவுச்சொல் இன்னும் வரவில்லையாம்.
மேசையில் உப்புப் பொட்டலங்களால் அலமாரி வரிசை;
கெட்ச்அப் பொட்டலங்கள் நடந்து போகிறவர்கள்;
சிகரெட் லைட்டர் ஒன்று வண்டி.
திரும்பும்போது பின்பக்கம் எங்கே வீசும்?
மிர்லாந்த் என்ற பெண் லைட்டரைச் சுழற்றினாள்.
ஒரு கெட்ச்அப் செத்தது.
சிரித்தார்கள்; பிறகு சிரிக்கவில்லை.

"உங்கள் படம் தப்பு" என்றாள் என்னிடம்.
"படத்தில் ஓட்டுகிறவன் உட்கார்ந்திருக்கிறான்.
இங்கே எல்லாமே நின்று ஓட்டும் வண்டி."
ஒடெலின் அதை மொழிபெயர்த்தார்,
கொஞ்சம் மரியாதை சேர்த்து.

அந்த நாற்காலிகளில் ஒன்றை
எனக்கு இழுத்துப் போட்டார்கள்.

இரவு ஒன்பது மணி.
ஏழாவது ஸ்லைடின் ஓட்டுநரை
எழுப்பி நிற்க வைத்தேன்.
எத்தனை பேர் படித்தீர்கள் என்று கேட்க
மென்பொருளில் ஒரு கட்டம் தேடினேன். இல்லை.
அது அறிந்ததெல்லாம் ஓர் எண்,
ஒரு கடிகாரம்.
"அடுத்து" என்று இருபத்திரண்டு முறை எழுதியிருக்கிறேன்,
அடுத்த நாற்காலியில் யார் என்று
ஒருமுறையும் யோசிக்காமல்.

சிவப்புப் புள்ளி இன்னும் இருக்கிறது.
காலையில் கார்வின் கேட்பார்.