அட்டை

வேலை விட்டு வரும்போது
கிழிந்த தேயிலைப் பை ஒன்றை
தொழிற்சாலையில் கேட்டு வாங்கி வந்தேன்.
வெளியே காக்கித்தாள், உள்ளே வெள்ளி.
வெள்ளி டினோஜனுக்கு.
லக்ஷிகாவுக்குக் காக்கித்தாள் போதும்.
கோதுமை மாவைக் கிண்டிப் பசை,
பீட்ரூட் தோலில் சிவப்பு,
மஞ்சளுக்கு மஞ்சள்.
நீலத்துக்குத்தான் வழியில்லை.
"மஸ்கெலியாவுல வானம் எப்ப நீலமா இருந்திச்சு?"
என்று தானே ஒரு முடிவுக்கு வந்து
அடுப்புக்கரியைத் தடவி
மூட்டம் போட்டாள்.

பிறந்தநாளைக் கண்டுபிடித்தது அவன்.
தகரப் பெட்டியில்
மருந்துத் துண்டுகளுக்கு அடியில்
அம்மாவின் அடையாள அட்டை.
மே பதினேழு.
பன்னிரண்டு வருசமாய் எனக்கும் தெரியாது;
தெரியாதென்று நான் சொல்லவில்லை.

பெயரில்தான் சிக்கல்.
அடையாள அட்டையில் சிவபாக்கியன்.
சேமலாப நிதிப் புத்தகத்தில் செவபாக்கம்.
கிளினிக் கொப்பியில் வெறும் பாக்கியம்.
"அம்மாவோட சரியான பேரு எதுப்பா?"
மூன்றுமில்லை என்றேன்.

முன்பக்கத்தில் ரெண்டு இலையும் ஒரு மொட்டும்
வரையலாமே என்று கேட்டேன்.
எனக்குத் தெரிந்த அழகு அதுதான்.
"தேயிலை வேணாம்ப்பா.
நாள்பூரா அதத்தானே பாக்குறாங்க."

நாற்காலியில் அம்மா உட்கார்ந்திருக்கிற படம்.
நாற்காலி வந்துவிட்டது,
அம்மா வரவில்லை.
நாலு தரம் அழித்து
தாள் அந்த இடத்தில் மெலிந்துபோனது.
"உக்காந்தா அம்மாவோட கை
எங்கப்பா இருக்கும்?"

அடுப்புக்கு முன்னால் குந்துவாள்.
செருப்பைக் கழற்ற, கட்டில் விளிம்பில் ஒரு நிமிசம்.
எங்கள் காம்பராவின் ஒரே நாற்காலியில்
எப்போதும் துவைத்த துணி உட்கார்ந்திருக்கும்.
கை எங்கே இருக்கும்?
நான் பார்த்ததில்லை.

அன்று சாயந்தரம் பிள்ளைகள் இருவரும்
பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி
அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.
நெற்றியில் கூடைக்கயிறு அழுத்திய தடம்.
கட்டைவிரல் நகத்தில் கழுவினாலும் போகாத கறுப்பு.
"என்ன, மூஞ்சியில ஏதாச்சும் ஒட்டியிருக்கா?"
படங்கை அவிழ்த்துக்கொண்டே
எங்கள் யாரையும் பார்க்காமல் சொன்னாள்:
"பதினொரு கிலோ. இன்னிக்கும் அரைப்பேருதான்."
டினோஜன் என்னைப் பார்த்தான்.
அரைக்கால், அரை, முக்கால் எல்லாம் படித்தவன்.
பேரையும் வெட்டலாமென்று
அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

மறுநாள், பெரட்டுக்குப் போகும் முன்,
விளக்கு போடாத இருட்டில் கத்தினான்:
"அம்மா, அட்டை!"
சட்டென்று குனிந்தாள்.
கை தானாகச் சவர்க்காரத் துண்டுக்கு நீண்டது.
"எங்கடா? எந்தக் கால்ல?"

சிரித்துச் சிரித்து லக்ஷிகாவுக்கு விக்கலெடுத்தது.
லயத்துச் சுவருக்கு அந்தப்பக்கமிருந்தும்
யாரோ சிரித்தார்கள்.

பிறகுதான் பார்த்தாள்.
மூட்டத்துக்கு நடுவில், சிவப்பு நாற்காலியில் அவள்.
கைகளைச் சால்வைக்குள் ஒளித்துவிட்டிருந்தாள் கள்ளி.
கீழே வெள்ளியில் வெட்டி ஒட்டிய எழுத்துகள்,
தாளின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை
சிவபாக்கியம்.
இடம் போதாமல் 'ம்' மட்டும்
கீழே இறங்கி நின்றது.
விரல் வைத்து ஒவ்வொரு எழுத்தாய்ப் போனாள்,
இறங்கி நின்ற 'ம்'மையும் விடவில்லை.

"நேரமாச்சு" என்றாள்.
கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.
டினோஜனுக்கு முகம் விழுந்துவிட்டது.

சாயந்தரம் வந்தாள்.
எத்தனை கிலோ என்று சொல்லவில்லை.
துணியை வாரிக் கட்டிலில் போட்டுவிட்டு
நாற்காலியில் உட்கார்ந்தாள்.
"அசையாதீங்க!"
பென்சிலோடு ஓடி வந்தாள் லக்ஷிகா.

அவள் கைகளுக்குத் தெரியவில்லை எங்கே போவதென்று.
முழங்காலுக்குப் போயின. தலைமுடிக்குப் போயின.
நாற்காலிப் பிடியில் கொஞ்சம் இருந்து பார்த்தன.
கடைசியில் மடியில் இறங்கி,
ஒன்று மற்றதைப் பிடித்துக்கொண்டது.