தொட்டி தெரியும் தூரம்

மண்ணடியில் கமாலுத்தீன் கொடுத்த
வழவழத் தாள்கள் மூன்றையும்
சாப்பாட்டு மேசையில் பரப்பி
மேலே உப்பு ஜாடி, ஊறுகாய் பாட்டில்,
செலஸ்டினின் சர்க்கரை மாத்திரை டப்பா.
ஃபேன் காற்றில்
மூன்று கப்பல்களும் ஓரத்தில் படபடக்கின்றன.

போன வருஷம் சிங்கப்பூரில் ஏறியது
கப்பலே இல்லை.
கல்மண்டபம் மார்க்கெட்டை,
எம்.சி. ரோட்டின் தீபாவளிக் கூட்டத்தை,
நாலு தியேட்டரை, ஒரு கல்யாண மண்டபத்தை
அடுக்கி, வெள்ளையடித்து,
மிதக்க விட்டிருந்தார்கள்.
லிஃப்ட்டுக்கு நின்றோம். தோசைக்கு நின்றோம்.
நீச்சல் குளத்துக்கும் நின்றோம்,
நீந்தத் தெரியாமலே.

மூன்றாம் நாள் ராத்திரி
எங்கள் அறையைத் தேடி
ஒன்றேகால் மணி நேரம் நடந்தார் செலஸ்டின்.
ஒரே மாதிரிக் கம்பளம், ஒரே மாதிரிக் கதவு.
துறைமுகத்தில் இருபத்தாறு வருஷம்
கிரேன் மேல் உட்கார்ந்து
எந்தப் பெட்டி எந்த வரிசை என்று
கண்ணை மூடிக்கொண்டு சொன்ன மனுஷன்.
“கன்டெய்னர்லயாவது நம்பர் பெருசா எழுதுவான்” என்று
செருப்போடு படுத்துக்கொண்டார்.

எனக்கு வேறு குறை.
ஏழு நாளில் ஒரு வேளைகூடக்
கடல் வாசம் வரவில்லை.
பதினாறாம் தளத்தில் கம்பியைப் பிடித்துக் குனிந்தால்
கீழே நீலமாய் ஒன்று
சத்தமில்லாமல் நகர்ந்தது,
ஜவுளிக்கடை மேசையில் யாரோ
உருட்டிவிட்ட துணி மாதிரி.

ஆனாலும் பிடித்திருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்.
மூன்று வேளையும் யாரோ என் தட்டை எடுத்துப் போனார்கள்.
படுக்கை மேல் துண்டை முறுக்கிக்
குரங்கு செய்து வைத்தான் ஒரு ஃபிலிப்பைன்ஸ் பையன்.
கலைக்க மனமில்லாமல்
ஈரத் தலையை என் புடவையில் துடைத்தார் செலஸ்டின்.

முதல் தாள், அதைவிடப் பெரிசு.
உள்ளே பனிச்சறுக்கு உண்டு.
தங்கச்சி மகள் டெல்ஃபின் ஓட்டு அதற்குத்தான்:
“பெருசுல போய்ட்டு சின்னதுல ஏறுனா
போரடிக்கும் பெரியம்மா.”

இரண்டாவதில் இருநூறே பேர். பாய்மரம். கிரேக்கத் தீவுகள்.
செலஸ்டின் மாத்திரை டப்பாவை
விலையின் மேல் நகர்த்தி வைத்தார்.

மூன்றாவது கொஞ்சம் பழைய கப்பல்.
அறையைப் படம் எடுத்தவன்
முதுகைச் சுவரில் ஒட்டிக்கொண்டு எடுத்திருக்கிறான்.
மூன்று ராத்திரி. எங்கேயும் நிற்காது,
போய்த் திரும்பி வரும்.
ஆனால் கிளம்புவது நம் துறைமுகத்தில்,
சாயங்காலம் ஐந்து மணிக்கு.

செகண்ட் லைன் பீச்சில் ஒரு கிளியரிங் ஆபீஸ்.
முப்பத்தோரு வருஷம்
கப்பல் வந்த தேதி, போன தேதி எழுதினேன்.
போனவற்றில் ஒன்றில்கூட நான் இல்லை.

போனில் கேட்டேன்:
“எந்தப் பக்கம் ரூம் எடுத்தா ராயபுரம் தெரியும்?”
கமாலுத்தீன் கொஞ்ச நேரம் பேசவில்லை.
“அக்கா, எல்லாரும் கடல் தெரியிற ரூம் கேப்பாங்க.”
“எனக்கு வீடு தெரியணும்ப்பா.”
“வடக்கால திரும்புனா இடது பக்கம்.
திரும்புமான்னு கேப்டனத்தான் கேக்கணும்.”

“மாடி ஏறுனா தெரியிற ராயபுரத்துக்கு
நாப்பதாயிரமா?” என்றார் செலஸ்டின்.
பதில் என்னிடம் இல்லை.
அங்கிருந்து பார்த்தால்
எந்த மாடி நம் மாடி என்றுதான் தெரியப் போகிறதா?
எல்லா வீட்டுத் தலையிலும்
அதே கறுப்புத் தண்ணித் தொட்டி.
ஊறுகாய் பாட்டிலை எடுத்து அலமாரியில் வைத்தேன்.
முதல் தாள் பறந்து
சிங்க் அடியில் போய் விழுந்தது. எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தவர்
சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு
கேட்டுக்கு அடித்து மீந்த பெயின்ட் டப்பாவைத் தேடினார்.
“தூரத்துக்கு மஞ்சதான். கிரேனுக்கு ஏன் மஞ்ச அடிக்கிறான்?”
வேறொன்றும் சொல்லவில்லை.
ஏணி கிறீச்சிட்டது.
கீழ் வீட்டுக்காரி துணி காயப்போட வந்து
அண்ணாந்து பார்த்தபடி நின்றாள்.

பருப்பு தாளித்துக்கொண்டிருந்தேன்,
மேலிருந்து குரல்:
“நம்பர் எழுதணும், பெருசா.
ஏய், பழைய நம்பரா, புது நம்பரா?”