மூலைச் செடி

மானூசோஸ் வேரோடு பிடுங்கிவந்து
என் மேசைமேல் எறிந்தார்.
வேரா அது?
முடிச்சு முடிச்சாய், தண்ணீர் ஏற வழியில்லாமல்
யாரோ கட்டிப்போட்ட கயிறு.

கிரீட் தீவின் தென்கரை.
கடல்வரை பிளாஸ்டிக் கூரைகள்.
உள்ளே வெள்ளரி, ஈரத்தில் நின்றபடியே
நண்பகலில் துவள்கிறது.

பத்து வருடம் மண்ணுக்குள் நச்சுப்புகை விட்டாராம்.
“நூற்புழு செத்தது. மண்புழுவும் செத்தது.
மறு வருடம்
நூற்புழு மட்டும் திரும்பி வந்தது.”

குழாய் ஒழுகும் ஒரு மூலைக்கு மட்டும்
புகை விடச் சோம்பல் அவருக்கு.
அங்கே நின்ற செடி
கூரையை முட்டிக்கொண்டிருந்தது.

அந்த மண்ணைத் தயிர் டப்பாவில் அள்ளிவந்தேன்.
அதிலிருந்து எழுந்தது ஒரு பூஞ்சை,
சாம்பல் கலந்த ஊதா.
பார்லியில் வளர்த்தேன். வடிகட்டினேன்.
அது சுரந்துவிட்ட நீரில்
நூறு புழுக்களை விட்டேன்.

இரண்டாம் நாள்
நுண்ணோக்கியின் கீழே கோடு கோடாய்க் கிடந்தன.
உயிருள்ளது வளையும்.
ஊசிமுனையால் தொட்டுத் தொட்டு எண்ணினேன்:
எண்பத்தேழு அசையவில்லை.
மற்றவை நெளிந்தன, கோபத்தோடு.

“கண்ணாடித் தட்டில் சாகிறது, சரி.
என் மண் கண்ணாடியா?”

இல்லைதான்.
ஐந்து வரிசைக்கு ஊற்றினோம்.
ஒன்றில் உப்புநீர் புகுந்து எல்லாம் பாழ்.
ஒன்றில் எதுவுமே மாறவில்லை.

மே மாதம் வேறொரு வேரைக் கழுவிக் கொண்டுவந்தார்.
முடிச்சுகள் இருந்தன, பாதியாய்.
இடையிடையே வெள்ளையாய்ப் புது வேர்கள்,
மயிரிழை மயிரிழையாய்.

வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்:
“அந்த ஒழுகும் குழாயை
அடைக்கவா, வேண்டாமா?”

எனக்குத் தெரியவில்லை.