உது

மூன்று நாளாக அந்தப் பெட்டி என் மேசையில்
நினைத்தபோதெல்லாம் அலறுகிறது.
மண்டபம் வடக்குத் துறைக்குப் பின்னால்
ஐஸ் பிளாண்டின் மாடி, வாடகை அறை.
கீழே பாளம் உடைக்கிற சத்தம்.

மிக்கேல்பிச்சையின் விசைப்படகில் அதைப் பொருத்தியது நான்தான்.
கடலெல்லையை நெருங்கினால் கூவ வேண்டும்.
நங்கூரம் போட்ட இடத்திலேயே கூவியது.
"ஒங்க பெட்டிக்கு எங்க வாசலே இலங்கையா?"
கழற்றி அனுப்பிவிட்டார்
மீன்கூடையில், செதிலோடு.

எல்லைக்குப் பன்னிரண்டு புள்ளிகள்.
ஒவ்வொன்றிலும் அட்சத்துக்கு நாலு பைட், தீர்க்கத்துக்கு நாலு.
முகவரி நானூறிலிருந்து
இடுக்கு விடாமல் அடுக்கிவைத்தேன்.
அணி என்று பெயர்தான் நகைபோல.
உள்ளே இருப்பது ஒரு தொடக்கமும் ஓர் எட்டின் அளவும்.

சுட்டியோடு ஒன்றைக் கூட்டினால்
நானூற்றொன்று இல்லை, நானூற்றெட்டு.
எதன் ஒன்று என்று அது பார்த்துக்கொள்கிறது.
கீழே ஏலத்தில்கூட
"ஒண்ணு ஏத்து" என்றால்
இறாலில் ஒரு பெட்டி, நண்டில் ஒரு கூடை,
சீலாவில் ஒரே ஒரு மீன்.

முதல் புள்ளிக்கு எத்தனை தாண்ட வேண்டும்?
தாண்டவே வேண்டாம், ஆகவே பூஜ்ஜியம்.
கடைசிப் புள்ளி பதினொன்று.
பன்னிரண்டு என்பது எண்ணிக்கை, இடமில்லை.
இதை எழுதித்தான் கல்லூரியில் தேறினேன்.

செயற்கூறுக்குள் நுழையும்போது
அணி தன் நீளத்தை வாசலில் கழற்றிவிடும்,
செருப்பைப் போல என்று எழுதி, அடித்தேன்.
செருப்பு பத்திரமாகக் கிடக்கும்.
உள்ளே போவது முதல் முகவரி மட்டும்.
நீளத்தை நாம் தனியே சொல்லி அனுப்ப வேண்டும்.
சொல்லித்தான் அனுப்பினேன்.

பெட்டியை வாங்க வந்த ஜெரோன்
முக்காலியில் உட்கார்ந்து திரையைப் பார்த்தான்.
போன வருசம் நாற்பத்தேழு நாள்
அக்கரைச் சிறையில் இருந்தவன்.
ஒவ்வொரு அடியாக ஓடவிட்டேன்.
நானூறு. நானூற்றெட்டு. நானூற்றுப் பதினாறு.
நானூற்றெண்பத்தெட்டில் நின்றிருக்க வேண்டும்.
நிற்கவில்லை.

நானூற்றுத் தொண்ணூற்றாறில் என் புள்ளி ஏதுமில்லை.
பேட்டரியின் அளவு கிடந்தது, அதை ஒட்டி
சுவிட்ச் போட்டதிலிருந்து ஓடிய நொடிகள்.
சி மொழி தடுக்கவில்லை.
அங்கே வேலி கிடையாது, மிதவை கிடையாது,
கேட்டதை எடுத்துக் கொடுத்தது.
பேட்டரியை அட்சமாக, நொடியைத் தீர்க்கமாகப் படித்து
என் எல்லைக்கோடு
மண்டபத்தின் தலைக்கு மேலேறி மேற்கே நீண்டு
ஆப்பிரிக்காவுக்கு அந்தப் பக்கத்துக் கடலில்
முளையடித்துவிட்டுத் திரும்பியிருக்கிறது.

ஜெரோன் தொடாமல் விரல் நீட்டினான்.
"உதுலயா கோளாறு?"

என்ன சொன்னாய் என்றேன்.
"அங்க வார்டர் அப்படித்தான்க்கா பேசுவாரு.
உதை எடு, உங்கை இரு.
வாயில ஒட்டிக்கிச்சு."
படகு இன்னும் வரவில்லை.
அந்தச் சொல் வந்துவிட்டது.

அ, இ, உ என்று சுட்டு மூன்று.
நாங்கள் இரண்டோடு பிழைக்கிறோம்.
எட்டினால் இது, எட்டாவிட்டால் அது.

அணி முடிந்த பிறகு அடுத்த ஓரிடம்,
அதைச் சுட்டலாம் என்கிறது விதி.
வந்துவிட்டோமா என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம்.
திறந்து பார்க்கக் கூடாது.
அதற்கும் அப்பால் சுட்டுவதே பிழை.
அந்த ஓரிடத்துக்கு
எந்தப் புத்தகத்திலும் எனக்குப் பெயர் கிடைத்ததில்லை.

'சிறியது அல்லது சமம்' என்றிருந்ததில்
சமத்தை அழித்தேன். ஒரே ஒரு குறி.
பெட்டி அடங்கியது.
கீழே பாளம் உடைக்கிற சத்தம் திரும்பக் கேட்டது.

கோட்டுக்கு ரெண்டு மைல் முன்னாலேயே
கூவச் சொல்லட்டுமா என்று கேட்டேன்.
பெட்டியைக் கூடையில் வைத்தபடி சிரித்தான்.
"கூவட்டும்.
இறால் உதுலதானேக்கா கிடக்கு."