வாசமான பிணம்

ஆறு நாற்பது ரயிலில்
கதவோரம் நிற்க இடம் கிடைத்தது.
இடது கையில் கம்பி.
வலது கையில் கப்பித்தான் கஸ்பார்.

கப்பித்தானுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது.
கற்பிட்டி தாண்டுவதற்குள் மூன்று தரம் சத்தி.
வாளை உருவும்போதெல்லாம்
தன் தொடையையே கீறிக்கொள்வான்.
உலகநாச்சியோ
சூதாட்டத்தில் அப்பனின் இரண்டு தோணிகளைத் தோற்றவள்.
வாய் திறந்தால் பொய், மூடினால் குறட்டை.

இந்த இரண்டு பேருந்தான்
ஒல்லாந்தரின் கறுவாவைச் சவப்பெட்டிக்குள் அடுக்கிக்
கோட்டை வாசலால் கடத்தப்போகிறார்கள்.
காவல்காரன் மூக்கை உறிஞ்சுகிறான்:
"ஆர் இது, இவ்வளவு வாசமான பிணம்?"
"என்ர புருஷன்," என்கிறாள் நாச்சி.
"புண்ணியவான். நாறத் தெரியாது அவருக்கு."

வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.
பம்பலப்பிட்டியில் ஏறிய மனுஷி
தன் பையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

மருதானையில் நூற்றிருபது ரூபாய்க்கு வாங்கிய
பழைய புத்தகம்.
எனக்கு முன் படித்தவர் சிவப்புப் பேனாக்காரர்.
ஓரமெல்லாம் வழக்கு:
"அந்தக் காலத்தில் தேயிலை ஏது?"
"பௌர்ணமி போன அத்தியாயத்தில் வந்ததே,
மறுநாளும் எப்படி?"
எல்லாம் நியாயமான கேள்விகள்.
ஆனால் நூற்றுப் பதினாலாம் பக்கத்தில்,
நீந்தத் தெரியாத கஸ்பார்
அவளைக் காப்பாற்றப் பேரை வாவியில் குதித்து
முழங்கால் தண்ணீரில்
நிமிர்ந்து நிற்கிற இடத்தில்,
பேனா ஒன்றும் சொல்லவில்லை.
ஒரு தேத்தண்ணிக் கறை மட்டும்.

தலை நிமிர்ந்தால் மருதானை.
கோட்டை எப்போது வந்தது, எப்போது போனது?

"ரயில் சுணங்கிப்போச்சு" என்றேன் அலுவலகத்தில்.
நாச்சி கேட்டிருந்தால் மெச்சியிருப்பாள்.

சுங்கத் திணைக்களத்தில் நான் எழுதுவினைஞர்.
கறுவா ஏற்றுமதிப் பத்திரங்கள்
என் மேசைக்குத்தான் வரும்.
நானூறு கிலோ, ஹம்பேர்க். முத்திரை.
இருநூறு கிலோ, மெக்சிக்கோ. முத்திரை.
மூன்றாவதை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தேன்.
மை, கடதாசி, வேறொன்றுமில்லை.
விக்ரமசூரிய சேர்
கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.
"தடிமன் சேர்."
பத்து மணிக்குள் இரண்டாவது பொய்.

லாச்சிக்குள் கஸ்பார்
இன்னும் வாவியில் நிற்கிறான்,
தொப்பி தனியே மிதக்கிறது.
கரையில் அவள் சிரிக்கிறாளா, அழுகிறாளா,
அடுத்த பக்கம் திருப்பினால்தான் தெரியும்.
சாப்பாட்டு நேரம் பன்னிரண்டரைக்கு.
அதுவரை நனையட்டும்.