இருபத்தொரு நாள்

ஏலத்தில் கை தூக்கியபோதே
வயிற்றில் ஒருதரம் புளி கரைந்தது.
பள்ளத்தூர் விலக்கிலிருந்து கண்மாய் மடைவரை
நெடுஞ்சாலைத்துறை நம்பர் போட்ட
முப்பத்தாறு மரம்.
"எழுபத்திரண்டாயிரம்" என்றேன்.
எதிரே நின்ற வயிரவன்
சட்டென்று உட்கார்ந்துவிட்டான்.
அவன் உட்கார்ந்த வேகத்தைப் பார்த்து
இரண்டாம்தரமும் கரைந்தது.

புளியங்கொம்பைப் பிடித்துவிட்டேனாம்,
ஊரில் பேச்சு.
பிடித்தவனுக்கல்லவா தெரியும்
கொம்பே வட்டிக்கு வாங்கியது என்று.

மாசி பிறந்தது.
மரம் பழுத்த அதே வாரத்தில்
நானும் பழுத்தேன்:
முதலில் கண், பிறகு நகம்,
பிறகு சிரிப்பும்கூட மஞ்சள் என்றாள் செகப்பாயி.
கோட்டையூர் வைத்தியர் அடைக்கலராசு
கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கி நீட்டி
"இருபத்தொரு நாள்.
உப்பு ஆகாது. எண்ணெய் ஆகாது.
புளியைக்
கண்ணால்கூடப் பார்க்காதே" என்றார்.

"ஐயா, நான் புளிக் குத்தகைக்காரன்."

அவர் குழவியைக் கழுவிக்கொண்டே
"மரத்தைப் பார். பழத்தைப் பார்க்காதே."

பார்க்காமல் எப்படி?
ஆண்டிச்சாமி கிளைக்குக் கிளை தாவி உலுக்குகிறான்.
படுதாவுக்கு வெளியே உருண்டதை
டவுன்பஸ் டயர் நசுக்கி
நூறு அடிக்குப் புளிப்பைப் பூசிப் போகிறது.
பொன்னழகும் வெள்ளைத்தாயும் இன்னும் நாலு பேரும்
ஓடு உடைத்து, நார் உரித்து,
கொட்டை தட்டுகிறார்கள்.
ஒவ்வொரு தட்டுக்கும்
என் நாக்கடியில் ஓர் ஊற்று.
எச்சில் விழுங்கினால் பத்தியம் முறியுமா
என்று வைத்தியரிடம் ஆள் அனுப்பிக் கேட்டேன்.
பதில் வரவில்லை.

பழுத்த புளி ஓட்டில் ஒட்டாது,
அதைப்போல இரு என்பார்கள்.
ஒட்டாமல் இருந்தது பழம்தான்.
ஓட்டைப் பொறுக்கி முகர்ந்துகொண்டிருந்தவன் நான்.

மத்தியானம் தூக்குவாளிகள் திறக்கும்.
ஒன்றில் கழனித்தண்ணீரில் கொதித்த வெண்டைக்காய் மண்டி,
ஒன்றில் கத்தரிக்காய் மசித்த கோசமல்லி,
ஒன்றில் நேற்று வைத்த அயிரைக் குழம்பு.
"ராத்திரி தங்குனாத்தான் மீனுக்குள்ள புளி போகும்"
என்று வெள்ளைத்தாய்
எனக்குக் கேட்கும்படியே சொல்வாள்.
நான் மரத்துக்கு மறுபக்கம் திரும்பி உட்கார்ந்து
உப்பில்லாத மோர்ச்சோறு,
சுண்ணாம்பைக் கரைத்துக் குடித்தாற்போல.

பன்னிரண்டாம் நாள், பத்தொன்பதாம் நம்பர் மரத்தில்
ஆண்டிச்சாமி கால் தவறினான்.
உயரமில்லை, கணுக்கால்தான்.
ஆனாலும் பார்க்கப் பார்க்க வீங்கியது.
கல் கூட்டி, டீ போடும் சட்டியில்
புளியும் கல்லுப்பும் கொதிக்கவைத்தோம்.
குழம்பாகிக் களியாகிக்
கரண்டியை விட மறுக்கும் பதம்.
பெண்கள் கையெல்லாம் நார்.
ஆகவே என் கை.
பொறுக்கும் சூட்டில் பத்துப் போட்டேன்.
"எரியுதுண்ணே" என்றான்.
"எரியட்டும்டா" என்றேன்,
எனக்கும்தான் என்று சொல்லாமல்.

துணி சுற்றி முடித்தபின்
ஐந்து விரலும் கருஞ்சிவப்பாய், கதகதப்பாய்
என்னைப் பார்த்தன.
உப்பும் புளியும், ஒரே விரலில்.
பொன்னழகு தலையைக் குனிந்துகொண்டாள்.
வெள்ளைத்தாய் வானத்தில் எதையோ தேடினாள்.
ஆண்டிச்சாமிகூட, அந்த வலியிலும்,
கண்ணை மூடிக்கொண்டான்.
யாருமே என்னைப் பார்க்கவில்லை.
அவ்வளவு இரக்கம்.

அதனால்தான் நக்க முடியாமல் போயிற்று.

மரத்து நம்பரில் கையைத் துடைத்தேன்.
அன்றுமுதல் அது பழுப்புப் பத்தொன்பது.

பங்குனியில் கணக்குப் பார்த்தேன்.
சதை காரைக்குடி மண்டிக்கு,
கொட்டை மதுரைக்கு, பசை மாவு அரைக்க.
வட்டி போக
ஒரு மாதக் கீழாநெல்லிக்கு மிஞ்சியது.
கண் வெளுத்திருந்தது.

"புளி சேர்க்கலாம்" என்றார் வைத்தியர்.
"ஆனால் புதுப்புளி சூடு. பழம்புளியாகப் பார்த்துப் போடு."

வீட்டில் பழம்புளி ஏது?
போன வருஷத்ததைச் சுரண்டி விற்றுத்தானே
ஏலத்துக்கு முன்பணம் கட்டினேன்.
செகப்பாயி பையோடு போய்
வயிரவன் கடையில் கால்கிலோ வாங்கி வந்தாள்,
புதுசுக்கு இரண்டு மடங்கு விலை.
"எப்படி இருக்கார்னு கேட்டாரு,
ஒரு உருண்டை சேத்தே குடுத்தாரு."

ரசம் வைத்தாள்.
முதல் வாயிலேயே கண்ணில் நீர்.

நன்றாகத்தான் இருந்தது.
அதைத்தான் தாங்க முடியவில்லை.